மச்சு பிச்சு மலை டிக்கெட்: விமானத்துக்கு முன்னால் வாங்க வேண்டியது

கேள்வி (காட்பாடி வாசகி): பிள்ளைகளின் கோடை விடுமுறையில், மே கடைசியில், நாலு பேராகப் பெரு நாட்டுக்குப் போகத் திட்டம். மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்தின் இடிபாடுகளுக்குப் பின்னால் படங்களில் தெரிகிற அந்தச் செங்குத்து மலையில் ஏறுவதுதான் முக்கிய ஆசை. விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிடுங்கள், மலை டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் டிராவல்ஸ்காரர். சரிதானா?

பதில்: சரியில்லை. அவர் சொல்லும் வரிசை அப்படியே தலைகீழ். நீங்கள் சொல்வது ஹுவாய்னா பிச்சு மலை. அதற்குத் தனி டிக்கெட். காலை நேரங்களில் மட்டும், நேரம் குறித்து, எண்ணிக்கை வைத்து விற்கிறார்கள். அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம். உலகமே அந்த மாதங்களில்தான் போகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தேதிகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மே கடைசியும் அதற்குப் பெரிதாகச் சளைத்ததில்லை.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. வெளிநாட்டுப் பெரியவருக்கு இடிபாடுகள் மட்டும் பார்க்க 152 சோல் (பெரு நாட்டு நாணயம்), மலையோடு சேர்த்து 200 சோல். ஒரு சோல் சுமார் 25 ரூபாய் என்று வைத்தால் தலைக்கு 5,000 ரூபாய். வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. ஆனாலும் திட்டம் கலைந்தால் இதில் போவது ஆயிரங்கள், விமானத்தில் போவது லட்சங்கள். எனவே முதலில் விசா, அடுத்து மலை டிக்கெட், அந்தத் தேதியை ஒட்டி விமானம், பிறகு ரயில், கடைசியில் அறை.

விசாவில் ஒரு சலுகை உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது விசா) ஆகியவற்றில் ஏதாவது ஒரு விசா குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியோடு கையில் இருந்தால், இந்தியர்களுக்குப் பெரு விசா தேவையில்லை. இல்லாதவர்கள் டெல்லியிலுள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் அமெரிக்க விசா இருந்தால் மற்ற மூவருக்கும் அது உதவாது.

‘அங்கே போய் வாங்குவது’ முழுப் பொய்யும் அல்ல. மலையடிவார ஊரான அகுவாஸ் காலியந்தேசில் நாளொன்றுக்கு 1,000 டிக்கெட் நேரில் விற்கிறார்கள். அதற்கு பாஸ்போர்ட்டோடு முன்கூட்டியே போய் வரிசையில் டோக்கன் வாங்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் மறுநாளைக்கு. எந்தப் பாதையில் இடம் மிச்சமோ அதுதான் கிடைக்கும். ஒரு வாரம் ஊர் சுற்றுகிற தனியாளுக்குச் சரி. குடும்பத்தோடு, அதுவும் ஹுவாய்னா பிச்சுவுக்காகவே, இதை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): டிக்கெட் தளத்தைத் திறந்தால் 1-ஏ, 2-பி, 3-டி என்று பத்து வகை வருகிறது. எதை அழுத்தினால் மலை, எதை அழுத்தினால் கோட்டை?

பதில்: பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2024 ஜூன் முதல் மச்சு பிச்சுவை மூன்று சுற்றுகளாகப் பிரித்து, அவற்றுக்குள் பத்துப் பாதைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு டிக்கெட் என்றால் ஒரு பாதை. உள்ளே போய் வேறு பாதைக்குத் தாவ முடியாது, வந்த வழியே திரும்பவும் விடமாட்டார்கள்.

முதல் சுற்று மேலே உள்ள படிக்கட்டு வயல்கள் வழியாகப் போவது. அதில் 1-ஏ என்பது மச்சு பிச்சு மலை. பெயரைப் பார்த்து, ‘மச்சு பிச்சு என்றால் இதுதானே’ என்று அழுத்திவிடுகிறவர்கள் ஏராளம். அது இடிபாடுகளுக்கு எதிர்ப்பக்கம் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் வேறொரு மலை. ஏற்றம் நீளம், நேரமும் கூடுதல். 1-பி மேல் தளத்தோடு சரி. 1-சி சூரிய வாசலுக்கும், 1-டி இன்கா பாலத்துக்கும் போகும். இந்தக் கடைசி இரண்டும் கூட்டக் காலத்தில் மட்டும் திறப்பவை.

இரண்டாம் சுற்றுதான் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் மச்சு பிச்சு. மேலிருந்து முழு ஊரையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு, பிறகு கட்டடங்களுக்கு நடுவே நடக்கலாம். மலை ஏறாதவர்கள் 2-ஏ வாங்குங்கள், அது தீர்ந்திருந்தால் 2-பி.

மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி. 3-ஏ தான் ஹுவாய்னா பிச்சு. 3-பி கீழ்க் கட்டடங்களோடு நிற்கும். 3-சி பெருங்குகைக்குப் போவது. 3-டி ஹுச்சுய் பிச்சு, ஹுவாய்னாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னக் குன்று. இரண்டும் ‘ஹு’வில் தொடங்கி ‘பிச்சு’வில் முடிவதால் பார்வை வழுக்கிவிடும். பெயரை விட்டுவிட்டு எண்ணையும் எழுத்தையும் பாருங்கள்: 3-ஏ.

இனி, டிக்கெட் விற்பவர்கள் முந்திக்கொண்டு சொல்லாத சங்கதி. 3-ஏ வாங்கியவர் மேல் தளத்துக்குப் போக முடியாது. அதாவது, ஊர் முழுவதும் விரிந்து பின்னால் மலை நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுக்கும் இடம் உங்கள் பாதையிலேயே இல்லை. மலையும் வேண்டும், படமும் வேண்டும் என்றால் 3-ஏ ஒரு நாள், 2-ஏ இன்னொரு நாள் என்று இரண்டு டிக்கெட். தலைக்கு 352 சோல் ஆகும். அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு இது வீண்செலவு இல்லை என்பதே எங்கள் கருத்து.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. டிக்கெட் படிவம் இரண்டு பெயர் கேட்கிறது. தவறாகிவிட்டால் வாசலில் நிறுத்துவார்களா?

பதில்: நிறுத்தலாம். மூல பாஸ்போர்ட்டை வாசலில் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆதாரை மறந்துவிடுங்கள், பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பது மட்டுமே கணக்கு. படிவத்தில் ‘நொம்ப்ரேஸ்’ என்பது உங்கள் பெயர், ‘அப்பெயீதோஸ்’ என்பது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டின் ‘கிவன் நேம்’ வரியில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து முதல் கட்டத்தில் போடுங்கள். இரண்டாம் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லையா, அதே பெயரையே அங்கும் போடுங்கள். நீங்களாக இனிஷியலைச் சேர்க்கவோ பெயரைச் சுருக்கவோ வேண்டாம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இதே முறையில் எழுதுங்கள்.

பெயரைவிடக் கவனமாக இருக்க வேண்டியது பாஸ்போர்ட் எண். ஆங்கில ‘ஓ’வும் பூஜ்யமும் மாறிப்போவது வழக்கமான பிழை, இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம் என்பதை நினைவில் வையுங்கள். பயணத்துக்குள் பாஸ்போர்ட் காலாவதியாகிறது என்றால் முதலில் புதுப்பித்துவிட்டு, புதிய எண்ணில் டிக்கெட் வாங்குங்கள். ஏற்கெனவே பழைய எண்ணில் வாங்கியிருந்தால் ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): மூன்று முறை கார்டு நிராகரிக்கப்பட்டது. நான்காம் முறை பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. இடையில் வேறொரு தளத்தில் 40 டாலர் கூடுதலாகக் கேட்டு உடனே தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த வேறொரு தளம் அரசு தளம் அல்ல. தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் கமிஷன் வைத்து விற்கும் இடைத்தரகர்கள்தான். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, ஆனால் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு பிறகுதான் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அசல் தளம் பெருவின் கலாசார அமைச்சகத்துடையது. பெயர் ‘து பொலேத்தோ’; முகவரி ‘குல்துரா’ என்ற சொல்லிலும் அதன் பின் பெரு நாட்டுக் குறியான ‘பி இ’ என்ற எழுத்துகளிலும் முடியும். ‘காம்’ என்று முடிந்தால் விலகுங்கள்.

கார்டு நிராகரிப்புக்கு நம் ஊரில் முதல் காரணம், வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை மூடியிருப்பது. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பை நாலு டிக்கெட் தொகைக்கும் மேலாக உயர்த்துங்கள். ரூபே கார்டை நம்ப வேண்டாம், விசா கார்டு முதல் தேர்வு. ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாவதும் உண்டு. பாஸ்போர்ட் விவரங்களை ஒரு தாளில் தயாராக வைத்துக்கொண்டு வேகமாக நிரப்புங்கள். ரூபாயில் கட்டவா, சோலில் கட்டவா என்று கேட்டால் சோல். ரூபாய் என்றால் மாற்று விலையில் ஒரு வெட்டு விழும். வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எப்படியும் உண்டு.

பணம் போய் டிக்கெட் வராவிட்டால் முதலில் மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். பிறகு வங்கிக் கணக்கில் அது ‘பிடித்தம்’ நிலையில் நிற்கிறதா, முடிந்த பரிவர்த்தனையா என்று பாருங்கள். பிடித்தம் என்றால் சில நாளில் தானே திரும்பும். முடிந்துவிட்டதென்றால், முன்பதிவு எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டோடு வங்கியில் ‘டிஸ்ப்யூட்’ பதிவு செய்யுங்கள். கிளைக்குப் போய் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், புகார் எண் வாங்குங்கள். பெரு நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்கள் அலுவலகம் திறப்பது நமக்கு மாலை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (வேலூர், கல்லூரி மாணவி): மாணவர் சலுகை எங்களுக்கும் உண்டா?

பதில்: உண்டு. மலைப் பாதைக்கு 200க்குப் பதில் 125 சோல். இளங்கலை மாணவராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த அசல் அட்டையில் படம், பெயர், செல்லுபடி தேதி மூன்றும் தெரிய வேண்டும். தேதி அச்சிடாத அட்டை என்றால் 75 சோலுக்காகச் சூதாட வேண்டாம், முழு விலையில் வாங்குங்கள். இன்னொன்று: பட்டியலில் ‘ஆண்டிய சமூகம்’ என்று மலிவான ஒரு பிரிவு இருக்கும். அது பொலிவியா, கொலம்பியா, ஈக்வடார் நாட்டவருக்கு. நமக்கு ‘எக்ஸ்திரான்ஹேரோ’, அதாவது வெளிநாட்டவர்.

கேள்வி (ஆற்காடு வாசகர்): பர்வதமலை ஏறியிருக்கிறோம். அப்பாவுக்கு வயது 67, மூட்டு வலி. அவரையும் ஏற்றலாமா?

பதில்: பர்வதமலையின் கடப்பாரைப் படியைச் சங்கிலி பிடித்து ஏறியவர்களுக்கு ஹுவாய்னா பிச்சு பயமுறுத்தாது. அங்கும் குறுகிய கல்படி, ஒரு பக்கம் கம்பிக் கயிறு, மறு பக்கம் பள்ளம். போய் வர இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். ஏறுவதைவிட இறங்குவது கடினம், மழை பெய்தால் கல் வழுக்கும். அப்பாவுக்கு 3-ஏ வேண்டாம். அவருக்கு 3-பி வாங்கினால் படிகள் குறைவு. முழுக் காட்சி பார்க்க வேண்டுமென்றால் 2-ஏ வாங்கி மெதுவாக நடக்கட்டும். ரப்பர் முனை வைத்த கைத்தடியை முதியவர்களுக்கு அனுமதிக்கிறார்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. ஹுவாய்னா உச்சி 2,693 மீட்டர்; ஊட்டி தொட்டபெட்டா 2,637. மூச்சு வாங்க வைப்பது மலை அல்ல, அதற்கு முன் நீங்கள் விமானத்தில் வந்திறங்கும் குஸ்கோ நகரம். அது 3,400 மீட்டரில் இருக்கிறது. இறங்கியதும் அங்கே தங்காமல், அன்றே 2,800 மீட்டரிலுள்ள ஒயந்தைதாம்போவுக்குக் காரில் போய்விடுங்கள். மச்சு பிச்சு ரயிலில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் புறப்படுகின்றன. முதல் நாள் மாலையே அகுவாஸ் காலியந்தேஸ் சேர்ந்துவிட்டால் காலை நேர டிக்கெட் தவறாது. அங்கிருந்து வாசலுக்கு பஸ் அரை மணி நேரம், ஒரு வழிக்கு 12 டாலர். ஆனால் பஸ் ஏறும் வரிசை அதைவிட நீளம். டிக்கெட்டில் காலை 7 என்றால் ஐந்தரைக்கே வரிசையில் நில்லுங்கள்.

பை 40×35×20 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. குடை, செல்ஃபி குச்சி, முக்காலி, டிரோன், சாப்பாடு எதுவும் கூடாது. கழிவறை வாசலுக்கு வெளியே மட்டும். சில்லறை சோல் வைத்திருங்கள். புளிசாதக் கட்டு அறையிலேயே இருக்கட்டும்.

கேள்வி (சத்துவாச்சாரி வாசகர்): ஏஜென்ட் ஹுவாய்னா பிச்சு என்று பேசிப் பணம் வாங்கினார். வந்த டிக்கெட்டில் 3-டி என்றிருக்கிறது. கேட்டால் ‘எல்லாம் ஒரே மலைதான் சார்’ என்கிறார்.

பதில்: ஒரே மலை இல்லை. 3-ஏ, 3-டி இரண்டும் தனித்தனிப் பாதை. ஹுவாய்னாவில் ஏறும் வாசலில் 3-டியைக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள். பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தால் முதலில் அதே நாளுக்கோ முந்தைய பிந்தைய நாளுக்கோ 3-ஏ இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் ஏஜென்டின் செலவில் வாங்கித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பும் எழுத்துதான், முதலில் பேசியபோது ‘ஹுவாய்னா’ என்று அவர் எழுதிய செய்தியை அழித்துவிடாதீர்கள். ரசீதில் ‘பெரு டூர்’ என்று மட்டும் இருந்தால் அந்தச் செய்திதான் உங்கள் ஆதாரம்.

மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல ஏஜென்டுகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். அடுத்தது வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் சென்னைக்காரராக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

வேலைநிறுத்தத்தால் ரயில் நின்று மலைக்குப் போக முடியவில்லை என்றால் அது வேறு கதை. ஏஜென்டைக் குற்றம் சொல்ல முடியாது. 2023 தொடக்கத்தில் போராட்டத்தால் மச்சு பிச்சுவே மூடப்பட்டது, 2024 ஜனவரியில் டிக்கெட் விற்பனை முறையை எதிர்த்தே மறியல் நடந்தது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். காப்பீட்டில் வேலைநிறுத்தம் அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): மஞ்சள் காய்ச்சல் ஊசி பெருவுக்குக் கட்டாயமில்லை என்கிறார்களே?

பதில்: போவதற்கு அல்ல, திரும்பி வருவதற்கு. மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்ற இந்திய அரசின் பட்டியலில் பெரு இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும். அறுபது தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது; மேலே கேட்ட ஆற்காட்டுக்காரரின் அப்பாவுக்கும் இது பொருந்தும். மருத்துவர் வேண்டாம் என்றால் அதைச் சான்றாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.