முடியாத தொடருக்கு எத்தனை ஸ்டார்? வெப்காமிக்ஸ் விமர்சனம் எழுதுவோருக்கு

கேள்வி: போனில் உருட்டிப் படிக்கும் காமிக்ஸ் தொடர்களான கொரிய வெப்டூன்கள் நிறையப் படிக்கிறேன். தமிழில் விமர்சனமும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கதைக்கு 4, ஓவியத்துக்கு 5, பாத்திரங்களுக்கு 4 என்று தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுக்கிறேன். எதை எடுத்தாலும் 4, 4.5 என்றே வருகிறது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு மார்க் போடலாமா? விமர்சனத்தோடு படங்களை எடுத்துப் போடலாமா?

பதில்: முதல் சிக்கல் அந்தச் சராசரியில் இருக்கிறது. ஒரு தொடரில் கதை 4, ஓவியம் 5, பாத்திரங்கள் 4, வசன பலூன் எழுத்து 1 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் 3.5. பரவாயில்லாத மார்க்தான். ஆனால் எழுத்து அவ்வளவு பொடியாக இருந்தால் போனில் பத்து எபிசோட் தாண்டி யாரும் படிக்க மாட்டார்கள். காமிக்ஸில் ஒரு குறை மற்ற எல்லா நிறையையும் விழுங்கிவிடுவது உண்டு. சராசரி அதை மூடி மறைத்துவிடும். அதனால் தனி மார்க்குகளை விட்டுவிடுங்கள். விமர்சனத்தை முழுவதும் எழுதி முடித்துவிட்டு, எழுதியதைப் படித்துப் பார்த்து, கடைசியில் ஒரே எண்ணைப் போடுங்கள். விமர்சனத்தில் மூன்று குறைகளைச் சொல்லிவிட்டுக் கீழே 4.5 போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

எல்லாம் 4, 4.5 என்றே வருவதற்கு இன்னொரு காரணம், பிடிக்காததை மூன்றாம் எபிசோடிலேயே விட்டுவிடுகிறீர்கள். மிஞ்சியவற்றுக்குத்தான் மார்க் போடுகிறீர்கள். கொரியாவின் நேவர் வெப்டூன் தளத்தில் எபிசோடுக்கு எபிசோட் 10க்கு மார்க் போடும் வசதி உண்டு. பிரபலமான தொடர்கள் அங்கே 9க்கு மேலேயே நிற்கும். காரணம் இதேதான்: பிடிக்காதவர் எப்போதோ வெளியேறிவிட்டார், 80ஆம் எபிசோடில் மார்க் போடுகிறவர் ரசிகர். நாயகிக்குப் பிடிக்காத மாப்பிள்ளை வந்துவிட்டால் அதே ரசிகர்கள் ஒரே இரவில் 1 போட்டுத் தாக்குவதும் நடக்கும். ஆகவே தளத்தில் தெரியும் எண்ணைப் பார்த்து உங்கள் எண்ணை முடிவு செய்யாதீர்கள். விமர்சனம் எழுதி முடிக்கும்வரை அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

அளவுகோலை வாக்கியமாக எழுதி எங்காவது நிரந்தரமாக வைத்துவிடுங்கள். நாங்கள் சொல்வது இப்படி: 3 என்றால், எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்கிறது, இந்த வகைக் கதை பிடித்தவர்கள் படிக்கலாம். 4 என்றால், இந்த வகையே பிடிக்காதவருக்கும் சிபாரிசு செய்யலாம். 5, இரண்டாம் முறை முதலிலிருந்து படித்தும் அசையாமல் நிற்பதற்கு மட்டும். ஆக முதல் வாசிப்பில் 5 கிடையாது. 2 என்றால் நல்லது இருக்கிறது, ஆனால் தேடிப் பொறுக்க வேண்டும். 1 என்றால் அடிப்படையிலேயே ஏதோ உடைந்திருக்கிறது. அரை ஸ்டார் வேண்டாம், அது முடிவெடுக்கத் தயங்குவதற்கான இடம். 3 வாங்கிய தொடரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்தான். ஆனந்த விகடன் சினிமாவுக்கு 100க்கு மார்க் போட்ட காலத்தில் 45 என்றாலே நல்ல படம் என்று வாசகர்களுக்குப் புரிந்தது. கஞ்சத்தனமாக இருந்தாலும் அளவு மாறாமல் இருந்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இனி, எதைப் பார்த்து எழுதுவது. வெப்டூன் விமர்சனங்களில் பெரும்பாலும் கதைச்சுருக்கமும் 'ஓவியம் அருமை'யும் மட்டுமே இருக்கும். முத்து, லயன் காமிக்ஸ் இதழ்கள் படித்துப் பழகிய கண்ணுக்குப் பக்கம்தான் அலகு. பக்கத்தைத் திருப்பும்போது அதிர்ச்சி வரும். மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூனில் பக்கமே இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடும் வெற்றிடம்தான் நேரம். வெப்டூன் (WEBTOON) என்ற தளத்தில் யாரும் தங்கள் தொடரைப் பதிவேற்றக்கூடிய கேன்வாஸ் பகுதியில் ஒரு படத்துண்டின் அளவு 800 பிக்சல் அகலம், 1280 பிக்சல் உயரம். 20க்கு 9 விகிதப் போனில் 800 அகலத்துக்கு ஏறக்குறைய 1780 உயரம் தெரியும். அதாவது 200 பிக்சல் இடைவெளி ஒரு மூச்சு. 1800 பிக்சல் இடைவெளி விட்டால் திரை முழுக்க வெறுமை. கதவு திறக்கும் கட்டத்துக்குப் பிறகு ஒரு திரை அளவு கறுப்பு, அதன் பிறகு முகம் என்றால் ஓவியர் யோசித்து வைத்த பயம் அது. எல்லாக் கட்டத்துக்கும் நடுவே ஒரே அளவு வெள்ளை இருந்தால், சண்டையும் சாப்பாடும் ஒரே வேகத்தில் போகும். 'விறுவிறுப்பு இல்லை' என்று எழுதத் தோன்றும்போது முதலில் இந்த இடைவெளியைப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

அடுத்து பலூன்கள். முகத்துக்கு மேலே பலூன் வந்தால் வசனத்தைப் படித்த பிறகு முகபாவம் தெரியும். கீழே வந்தால் முதலில் முகம், பிறகு வசனம். நகைச்சுவைக்கு இது உயிர். ஒரே உயரத்தில் இடமும் வலமுமாக இரண்டு பலூன் இருந்து எதை முதலில் படிப்பது என்று நீங்கள் தடுமாறினால் எபிசோட் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பின்னணிக் கட்டடங்களை ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளின் முப்பரிமாண மாதிரிகளிலிருந்து எடுப்பது வெப்டூனில் சாதாரணம். வாரம் ஒரு எபிசோட் தருகிறவர்களுக்கு வேறு வழியில்லை, அதையே குற்றமாக எழுத வேண்டாம். கையால் வரைந்த ஆளின் கோடும் பின்னணியின் கோடும் ஒட்டாமல், ஆள் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கராகத் தெரிந்தால் எழுதுங்கள்.

எந்தக் கருவிக்காக வரைந்தாரோ அதில் படிக்க வேண்டும். வெப்டூனைக் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு இடைவெளி அதிகம் என்பது அநியாயம். மறுபுறம், எக்ஸ்கேசிடி (xkcd) என்ற ஆங்கில வெப்காமிக்ஸ் தளத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து மவுஸைப் படத்தின் மேல் வைத்தால் வரும் வரியில்தான் பல சமயம் பாதி ஜோக் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்குத் தாராளமாக மார்க் போடலாம், ஆனால் மார்க்குக்கு எல்லை கட்டுங்கள்: '1 முதல் 42 வரை, சீசன் 1, படித்த மாதம் இது'. குறைந்தது ஒரு முழுக் கதைப்பகுதி முடியும்வரை படித்திருக்க வேண்டும். அதோடு அண்மையில் வந்த மூன்று எபிசோடுகளையும் புரட்டுங்கள். கதை தெரிந்துவிடுமே என்ற கவலை ரசிகருக்கு இருக்கலாம், விமர்சகருக்கு இருக்க முடியாது. 2010இல் தொடங்கிய 'டவர் ஆஃப் காட்' தொடரின் ஆரம்ப ஓவியத்தையும் பிற்கால ஓவியத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கை வரைந்தது என்று நம்புவது கடினம். முதல் பத்தை மட்டும் படித்து எழுதும் ஓவிய விமர்சனம் அங்கே செல்லாது.

வாராவாரம் படித்தீர்களா, ஒரே மூச்சில் படித்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். வார வாசகருக்காக வைத்த நினைவூட்டல் வசனங்கள் ஒரே மூச்சில் படிப்பவருக்கு இழுவையாகத் தெரியும். உச்ச உதாரணம் எக்ஸ்கேசிடியின் 1190ஆம் படம். 2013 மார்ச் 25இல் தொடங்கி முதலில் அரை மணிக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று என ஜூலை வரை 3,099 படங்களாக மாறிக்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு ஹ்யூகோ விருதும் வாங்கியது. இன்று அதை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு 'மெதுவாக நகர்கிறது' என்பவர் வேறொரு படைப்பைத்தான் விமர்சிக்கிறார். ஓவியர் உடல்நலத்துக்காக விடுப்பு எடுத்ததற்கு மார்க் குறைக்காதீர்கள். பாதியில் கைவிடப்பட்ட தொடர் என்றால் மட்டும் முதல் பத்தியிலேயே எச்சரியுங்கள்.

யார் செய்தது என்பதில் கவனம் தேவை. பல வெப்டூன்கள் வலை நாவல்களிலிருந்து வருபவை. 'சோலோ லெவலிங்' நாவலை எழுதியவர் சுகாங், வெப்டூனை வரைந்தவர் டூபு என்ற புனைபெயரில் இயங்கிய ஜாங் சங்ராக். கதையின் ஓட்டைக்கு ஓவியரைத் திட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. நாம் படிப்பது பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு என்பதையும் மறக்க வேண்டாம். 'சோலோ லெவலிங்' தொடரின் ஜப்பானியப் பதிப்பில் நாயகனின் பெயரே ஜப்பானியப் பெயர். வசனம் தட்டையாக இருந்தால், எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டுக் குறை சொல்லுங்கள். திருட்டுத் தளப் பிரதியை வைத்து எழுதவே வேண்டாம்: படம் மங்கல், மொழிபெயர்ப்பு பல சமயம் இயந்திரத்துடையது, இடைவெளிகளையும் வெட்டியிருப்பார்கள்.

படங்கள் விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. எத்தனை கட்டம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. மூன்று, நான்கு கட்டங்களோடு நிறுத்துவது பாதுகாப்பு. ஒவ்வொன்றையும் பற்றி நீங்கள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அலங்காரத்துக்குப் போட்டால் அது விமர்சனம் ஆகாது. இலவச எபிசோடுகளிலிருந்து எடுங்கள், ஓவியர் பெயரும் எபிசோட் எண்ணும் கீழே இருக்கட்டும், ஓவியரின் கையெழுத்தை வெட்டாதீர்கள். காசு கொடுத்துத் திறக்கும் கடைசி எபிசோடின் உச்சக்கட்டம் வேண்டவே வேண்டாம்.

நீளம் 400 முதல் 600 சொற்கள் போதும். கதைச்சுருக்கம் மூன்றாம் எபிசோடைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு காட்சியை எடுத்து, அது ஏன் வேலை செய்கிறது அல்லது செய்யவில்லை என்று ஒரு முழுப் பத்தி எழுதுங்கள்; விமர்சனத்தின் கனம் அங்கேதான் இருக்கும். எந்த வயதினருக்கு, எவ்வளவு இலவசம் என்ற விவரம் தலைப்புக்குக் கீழே ஒரு வரி. தளமோ ஓவியரோ எபிசோடுகளைத் திறக்கும் நாணயங்களை இலவசமாகத் தந்திருந்தால் அதுவும் அங்கேயே. பள்ளி முடித்துவிட்டு வந்து தனியாக வரையும் புதியவருக்கும், குழுவோடு இயங்கும் ஸ்டூடியோவுக்கும் மார்க் அளவுகோல் ஒன்றேதான். ஆனால் புதியவரின் தொடருக்கு 2 போட்டுவிட்டு அவர் பெயரை டேக் செய்து அனுப்புவது அநாகரிகம்.

சீசன் முடிந்து மறுபடி படித்தால் மார்க் மாறலாம். பழைய எண்ணை அழிக்காமல் கீழே தேதி போட்டுப் புதியதை எழுதி, எந்த எபிசோடில் உங்கள் கருத்து மாறியது என்று ஒரு வரி சேருங்கள்.