டூன் நாவல ஏன் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி படமா எடுக்குறாங்க?

நாவல எடுத்து படமாவோ சீரிஸாவோ மாத்துறதுதான் அடாப்டேஷன், அவ்ளோதான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965ல எழுதுன டூன், ஒரு பாலைவன கிரகத்துல நடக்குற சயின்ஸ் ஃபிக்ஷன் கதை, 1984ல படமா வந்துச்சு, 2000ல டிவி சீரிஸ், அப்புறம் 2021லயும் 2024லயும் டைரக்டர் வில்னோவ் எடுத்த ரெண்டு படம். சிக்கல் என்னன்னா நாவல்ல பாதி விஷயம் ஆளுங்க மனசுக்குள்ளயே நடக்குது, எழுத்துல அத அப்படியே சொல்லிடலாம் ஆனா கேமராவுக்கு மூஞ்சி மட்டும்தான தெரியும். 1984 படத்தோட டைரக்டர் டேவிட் லிஞ்ச் என்ன பண்ணாருன்னா ஒவ்வொருத்தர் நினைக்கிறதையும் கிசுகிசு குரல்ல பேச வெச்சாரு, கொஞ்ச நேரத்துல நமக்கே தலை வலிக்குது.

பெங்களூர்ல மெஜஸ்டிக்லருந்து ஒயிட்ஃபீல்டுக்கு பஸ்ல போனா ஒவ்வொரு சிக்னலும் ஒவ்வொரு டீக்கடையும் பாத்துக்கிட்டே போவோம்ல, மெட்ரோல போனா அதே இடத்துக்குத்தான் போறோம் ஆனா நடுவுல பாதி தெரியாது, நாவலும் படமும் அப்படித்தான்.

ஆனா வில்னோவ் நாவல சும்மா வெட்டல. ஆளுங்க ஒரு தலைவன கண்ண மூடிட்டு நம்புறது ஆபத்துன்னு ஹெர்பர்ட் சொல்ல வந்தாரு, ஆனா 1984 படம் கடைசில அந்த பாலைவனத்துல மழை பெய்ய வெச்சு ஹீரோ பால் அட்ரெய்டீஸ நெஜ கடவுளாவே ஆக்கிடுச்சு (எனக்கு இதுதான் பெரிய கடுப்பு). 2024 படத்துல அவனோட காதலி சானி அவன நம்பாம கோவிச்சுக்கிட்டு கெளம்பிப் போறா, நாவல்ல அப்படி கெடையாது, ஆனா சொல்ல வந்தது இங்கதான் ஒழுங்கா வருது.

இன்னொன்னு, 2024 படம் ரெண்டாவது நாவல்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இல்லைங்க, ரெண்டு படமும் சேந்துதான் முதல் நாவல், ரெண்டாவது 1969ல வந்த டூன் மெசையா.