நிறம் மாறும் கெளுத்திக் குஞ்சுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தென் அமெரிக்கக் கெளுத்திகளைப் பற்றியவை. கடையில் பார்த்த நிறம் வீட்டுக்கு வந்தபின் மாறிவிட்டது. நோயா, வேறு மீனைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா என்பதுதான் பலருக்கும் கவலை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கோல்ட் நக்கட் ப்ளீகோ (வாயால் பாறையில் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகை) வாங்கும்போது வாலிலும் முதுகுத் துடுப்பிலும் பளிச்சென்று அகலமான மஞ்சள் கரை இருந்தது. ஒரு வருடத்தில் கரை மெலிந்துவிட்டது, புள்ளிகளும் சிறுத்துவிட்டன. நோயா? கடைக்காரர் இது எல்-177 என்றார், நண்பர் எல்-18 என்கிறார். யார் சொல்வது சரி?

நோய் இல்லை, வயது. இந்த மீன் குஞ்சாக இருக்கும்போது கரை அகலமாகவும் புள்ளி பெரிதாகவும் இருக்கும். வளர வளரக் கரை ஒடுங்கும், சிலவற்றில் காணாமலே போகும். புள்ளிகள் எண்ணிக்கையில் கூடி, அளவில் பொடியாகும். விளம்பரப் படங்களில் நாம் பார்ப்பதெல்லாம் ஐந்தாறு சென்டிமீட்டர் குஞ்சுகளைத்தான். இருபது சென்டிமீட்டரைத் தாண்டிய மீனின் படத்தை யாரும் போடுவதில்லை.

நண்பருடன் சண்டை வேண்டாம், இருவர் சொல்வதும் ஒரே மீன்தான். எல் எண்கள் அறிவியல் பெயர்கள் அல்ல. இன்னும் பெயரிடப்படாத ப்ளீகோக்களை அடையாளம் சொல்ல 1988-இல் ஜெர்மானிய மீன் வளர்ப்பு இதழான டாட்ஸ் தொடங்கிய வரிசை அது. மீன் வர வர எண் கொடுத்துக்கொண்டே போனார்கள். அதனால் ஒரே இனத்தின் குஞ்சுக்கு ஓர் எண், பெரியதற்கு ஓர் எண், வேறு இடத்தில் பிடித்ததற்கு இன்னோர் எண் என்று ஆகிவிட்டது. முதல் எண்ணான எல்-1 கூட எல்-22 என்று இரண்டாவது முறையும் எண் வாங்கிய மீன்தான்! எல்-18, 81, 85, 177 நான்கும் பாரியான்சிஸ்ட்ரஸ் ஸாந்தெல்லஸ் என்ற ஒரே இனம் என்று 2011-இல் முறையாகப் பெயரிட்டார்கள். பெரிய புள்ளியும் அகன்ற கரையும் கொண்டு, பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் கிளையாறான இரிரியிலிருந்து வருவதை வியாபாரத்தில் எல்-177 என்பார்கள். எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் விருப்பம். நான் கொடுக்க மாட்டேன்.

கரையைவிட வயிற்றைக் கவனியுங்கள். மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு தெரியும். தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருந்தால் சரி. உள்ளே குழிந்து, கண்ணும் பள்ளத்தில் இருந்தால் மீன் பட்டினியில் இருக்கிறது. இறக்குமதியான கோல்ட் நக்கட் குஞ்சுகளில் பல இப்படித்தான் சாகின்றன. ஷிங்கு ஆற்றில் இவை பாறை மேல் படிந்த பாசியையும் அதற்குள் இருக்கும் சிற்றுயிர்களையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்பவை. இரவில் ஒரு வேஃபர் (தீனி வில்லை) போட்டுவிட்டுத் தூங்கப் போனால் போதாது. மொட்டை மாடியில் ஒரு டப் தண்ணீரில் வழவழப்பான கற்களைப் போட்டு வெயிலில் வையுங்கள். பச்சை பிடித்ததும் இரண்டு கல்லைத் தொட்டியில் போட்டு, சுத்தமாக மேய்ந்த பழைய கற்களை டப்புக்குத் திருப்பிவிடுங்கள். கூடவே வேகவைத்த சுரைக்காய், வெள்ளரித் துண்டும் கொடுங்கள். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கலாம். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் தேவைப்படாது. ஆனால் சூடேறிய தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். இது வேகமாக ஓடும் ஆற்று மீன் என்பதால் ஏர் ஸ்டோனோடு, தண்ணீரைத் தள்ளிவிடும் பவர்ஹெட் ஒன்றும் வையுங்கள்.

கேள்வி: பிரிசில்நோஸ் (மூக்கில் மீசை முளைக்கும் சிறிய ப்ளீகோ) என்று சொல்லி விரல்கடை அளவு குஞ்சுகள் கொடுத்தார்கள். பழுப்பில் புள்ளி. வீட்டில் எல்லோரும் இது சாதாரண சக்கர் என்கிறார்கள். மூக்கில் மீசை எதுவும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வயதில் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். இரண்டுமே பழுப்பு, இரண்டிலுமே புள்ளி. மீசையும் உதவாது. ஆண் பிரிசில்நோஸுக்கே ஆறேழு சென்டிமீட்டர் வளர்ந்தபின்தான் அது முளைக்கும். பெண்ணுக்கு முளைக்காது, முளைத்தாலும் உதட்டோரம் குட்டையாகத்தான் இருக்கும்.

முதுகுத் துடுப்பின் கதிர்களை, அதாவது துடுப்பைத் தாங்கும் குச்சிகளை, எண்ணுங்கள். முன்னால் இருக்கும் கெட்டி முள்ளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ஏழு வந்தால் பிரிசில்நோஸாக இருக்கலாம். பத்தோ அதற்கு மேலோ வந்தால் சக்கர், அதாவது டெரிகோப்ளிக்திஸ். மீன் துடுப்பை மடக்கியே வைத்திருக்கும் என்பதுதான் சிக்கல். சின்னக் கண்ணாடிப் பெட்டியில் மாற்றும்போதும், தீனிக்குப் பக்கத்து மீனுடன் முட்டிக்கொள்ளும்போதும் விரிக்கும். அப்போது ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள். வெள்ளை ஆல்பினோ குஞ்சுக்கும் இதே கணக்குதான், அதில் புள்ளியே இருக்காது என்பதால் இன்னும் அவசியம். இரண்டாவது அடையாளம் மூக்கின் ஓரம்: பிரிசில்நோஸுக்கு அந்த விளிம்பில் தகடுகள் இல்லாமல் மெத்தென்று சதையாக இருக்கும்.

எண்ணிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், பிரிசில்நோஸ் 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நிற்கும், இரண்டடித் தொட்டி கிட்டத்தட்டப் போதும். சக்கர் ஓர் அடியைத் தாண்டும். சில கடைகளில் சக்கர் பைமேல் ஹைப்போஸ்டோமஸ் ப்ளீகோஸ்டோமஸ் என்று எழுதியிருக்கும். அது 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட சூரினாம் பக்கத்து மீன். பையில் இருப்பது அநேகமாக அது இல்லை.

கேள்வி: அப்படிச் சக்கர்தான் என்று தெரிந்தால் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

கூடாது. நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆக்ஸிஜன் குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும், மீனவர் வலையைக் கிழிக்கும். கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுங்கள்.

கேள்வி: கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு, வால் நுனியில் நீளமான இழைகள். 'போல்கா டாட்' என்று விற்றார்கள். பொட்டு மங்கிக்கொண்டே வருகிறது.

அகாந்திகஸ் அடோனிஸ், எல்-155. பிரேசிலின் டோகான்டின்ஸ் ஆற்றிலிருந்து 1988-இல் பெயரிடப்பட்டது. பொட்டு இன்னும் மங்கும், கடைசியில் முழுக் கறுப்பாகிவிடும். உறுதி செய்ய ஒரு வழி உண்டு: முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே ப்ளீகோக்களுக்கு ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். இதற்கு இருக்காது. உடம்பின் பக்கவாட்டில் வரிசை வரிசையாக முள் இருக்கும். இரண்டடிக்கு மேல் வளரும், இடத்துக்காகக் கடுமையாகச் சண்டை போடும். குஞ்சின் அழகைப் பார்த்து வாங்கக் கூடாத மீன்களில் இதை முதலில் வைப்பேன்.

கேள்வி: எங்கள் ஸ்டெர்பாய் கோரி (தொட்டியின் அடியில் மேயும் சிறு கெளுத்தி) முட்டையிட்டுக் குஞ்சு வந்திருக்கிறது. ஆனால் குஞ்சுகள் அப்பா அம்மா மாதிரி இல்லை, கரும்புள்ளி திட்டுத்திட்டாக இருக்கிறது. கலப்பினமா?

தொட்டியில் வேறு கோரி இல்லையென்றால் கலப்பினத்துக்கு வாய்ப்பே இல்லை. கோரிக் குஞ்சுகள் முதலில் கண்ணாடி போல இருந்து, பிறகு திட்டுத்திட்டாகக் கறுக்கும். மணலும் சருகும் கிடக்கும் அடித்தளத்தில் மறைந்துகொள்ள அதுவே வசதி. பெரியவற்றின் நிறமும் வரிசைப் புள்ளியும் வாரக்கணக்கில் கழித்துத்தான் வரும், அதுவும் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே நாளில் வராது. மஞ்சள் கரு தீர்ந்ததும் மைக்ரோவார்ம் (நுண்புழு), அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா (நுண்ணிய இறால்) கொடுங்கள். மீந்த தீனியை அன்றன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். குஞ்சு சாவதற்குப் பெரும்பாலும் காரணம் பசியில்லை, அடியில் அழுகும் மீதிதான்.

இந்தக் கூட்டத்தில் அதிகமாக ஏமாற்றுவது ப்ரோகிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ், மரகதக் கோரி. பெரியது பளபளக்கும் பச்சை. குஞ்சோ புள்ளி போட்ட உடம்பும், உயர்ந்து நிற்கும் முதுகுத் துடுப்பும், அதன் ஓரத்தில் செம்மஞ்சளுமாக வேறு இனம் போலவே இருக்கும். இங்கேயும் கதிரை எண்ணினால் போதும்: நாம் வழக்கமாக வளர்க்கும் கோரிகளுக்கு ஏழெட்டு, இதற்குப் பத்தோ அதற்கு மேலோ.

கேள்வி: மூன்றடித் தொட்டிக்கு ரெட் டெயில் கேட்ஃபிஷ் குஞ்சு ஒன்று. வால் இன்னும் சிவக்கவில்லை. தீனியை மாற்ற வேண்டுமா?

தொட்டியை மாற்ற வேண்டும். சின்னதில் வால் வெளிறித்தான் இருக்கும், வளரும்போது தானாகவே சிவக்கும். ஆனால் அமேசானிலும் ஒரினோகோவிலும் இது ஒரு மீட்டரைத் தாண்டி, 40 கிலோவுக்கு மேலும் வளரும் மீன். உடன் இருக்கும் மீனை மட்டுமல்ல, கூழாங்கல்லைக்கூட விழுங்கும். வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. இன்னும் வாங்காமல் விசாரிப்பவர்களுக்கும் இதே பதில்தான். பாய்மரம் போல் துடுப்பும் வெள்ளைக் கறுப்புப் பட்டையுமாக அருகில் விற்கும் லெய்யாரியஸ் பிக்டஸ் குஞ்சையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்டை மங்கும், மீன் இரண்டடி ஆகும்.

கேள்வி: வரி போட்ட ரஃபேல் கெளுத்தியின் வெள்ளைக் கோடு அழுக்கு மஞ்சளாகிவிட்டது. வலையில் பிடித்தால் மாட்டிக்கொண்டு கீச்சிடுகிறது.

கோடு மங்குவது இயல்பு, பெரிய பிளாட்டிடோரஸ்களுக்கு (ரஃபேலின் அறிவியல் பெயர்) அப்படித்தான். பளிச்சென்ற கோடு குஞ்சுக்குத்தான் தேவைப்படுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. பிரேசிலில் இளம் பிளாட்டிடோரஸ்கள் ட்ரைரா என்ற கொன்றுண்ணி மீனின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 'நான் துப்புரவுக்காரன், விழுங்காதே' என்று அந்தக் கோடு சொல்கிறதோ என்னவோ.

வலையை இனி எடுக்காதீர்கள். பக்கத் துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். அதில் ரம்பப் பல் இருப்பதால் வலையும் மாட்டும், உங்கள் விரலும் மாட்டும். முள்ளை அதன் குழியில் தேய்ப்பதால் வருவதே அந்தச் சத்தம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி அதற்குள் ஓட்டிப் பிடியுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இழுக்காமல் வலையை வெட்டிவிடுங்கள். வலை போனால் போகட்டும்.

கேள்வி: இரவில் விளக்குப் போட்டால் ப்ளீகோ வெளிறிப் போய் நிற்கிறது. பகலில் சரியாக இருக்கிறது.

இரவில் பல ப்ளீகோக்கள் வெளிறும். விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பினால் கவலை இல்லை. வெளிர் நிற மணலிலும் அப்படித்தான் இருக்கும். பகலிலும் திரும்பாமல், செவுள் வேகமாக அடித்துக்கொண்டால் அன்றே தண்ணீரில் அம்மோனியா இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

அடையாளம் கேட்டு எழுதுகிறவர்கள் அடுத்த முறை மூன்று படம் அனுப்புங்கள்: துடுப்பு விரிந்த நிலையில் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, கண்ணாடி வழியாக அடிவயிறு ஒன்று. மீனின் நீளத்தையும் எழுதுங்கள். நீலப் பல்பு எரியும்போது எடுத்த படம் வேண்டாம், அதில் எல்லா மீனும் ஒரே நிறம்தான்.