கேமராவுக்காகவே ஒரு கைபேசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, புகைப்படம் எடுப்பதற்காகவே ஒரு கைபேசி வாங்க எண்ணியிருக்கிறேன். ஒன்றில் 200 மெகாபிக்சல் கேமரா, மற்றொன்றில் 50 மெகாபிக்சல் கேமரா. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. 200 உள்ளதில் படம் நான்கு மடங்கு தெளிவாக இருக்கும் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். வழக்கமான நிலையில் இரண்டுமே உங்களுக்குத் தரப்போவது ஏறத்தாழ 12.5 மெகாபிக்சல் படம்தான். 200 மெகாபிக்சல் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) பதினாறு பிக்சல்களையும், 50 மெகாபிக்சல் சென்சார் நான்கு பிக்சல்களையும் ஒன்றாகக் கூட்டி அந்த அளவுக்கு வந்து சேர்கின்றன. இன்றைய 200 மெகாபிக்சல் சென்சார்களில் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருங்கிவிட்டது. பச்சை ஒளியின் அலைநீளமே சுமார் 0.55 மைக்ரான் என்பதால், இதற்கு மேல் சிறுக்க வைப்பதில் படத்துக்கு என்ன ஆதாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. பதினாறைக் கூட்டினால் 2.4 மைக்ரான் கிடைக்கும். ஓர் அங்குல வகையைச் சேர்ந்த 50 மெகாபிக்சல் சென்சாரிலோ ஒரு பிக்சல் 1.6 மைக்ரான், நான்கைக் கூட்டினால் 3.2 மைக்ரான். பரப்பளவில் கணக்கிட்டால், எண்ணிக்கையில் சிறியதாகத் தெரியும் அந்தக் கேமராவின் ஒவ்வொரு கூட்டுப் பிக்சலும் மற்றதைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியை வாங்கும்.

200 மெகாபிக்சலால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நல்ல வெயிலில், அசையாத காட்சியை எடுத்து, அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பயன்படுத்துபவருக்கு அது உதவும். ஆனால் ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிடுவதற்கே 8.7 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சித் திரையில் இருப்பவை 8.3 மெகாபிக்சல்கள்தாம். 2012இல் வெளிவந்த நோக்கியா 808 ப்யூர்வியூ இதை அன்றே புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது. 41 மெகாபிக்சல் சென்சாரை வைத்துக்கொண்டு, அந்தப் பிக்சல்களைக் கூட்டி 5 மெகாபிக்சல் படமாகத் தருவதைத்தான் அது தன் இயல்பான வேலையாகச் செய்தது. விளம்பரத்தில் 41 என்ற எண்ணே முன்னால் நின்றது என்பது வேறு விஷயம்.

கேள்வி: ‘ஒரு அங்குல சென்சார்’ என்று விளம்பரப்படுத்துகிறார்களே, கைபேசிக்குள் உண்மையிலேயே ஓர் அங்குல அகலத்தில் சென்சாரை வைக்க முடியுமா?

பதில்: அதன் அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.; மூலைவிட்டம் ஏறத்தாழ 16 மி.மீ. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொன்ன வழக்கம் இன்றும் தொடர்வதால் வந்த பெயர் அது. அளவை முறை பழையதாக இருந்தாலும், 116 சதுர மி.மீ. பரப்பு கைபேசியைப் பொறுத்தவரை மிகப் பெரியதே. 2014இல் பானாசோனிக் தன் லூமிக்ஸ் சி.எம்.1 கைபேசியிலும், 2022இல் ஷாவ்மி தன் 12எஸ் அல்ட்ராவிலும் இந்த அளவைப் பொருத்தின. தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும் முழுச் சட்டகக் (ஃபுல் ஃப்ரேம்) கேமராவின் 36க்கு 24 மி.மீ. சென்சார் இதைப் போல ஏழு மடங்குக்கும் மேல் பெரியது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘பெரிய கேமராவுக்கு மாற்று’ என்ற வாசகத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அதிலிருந்தே விளங்கும்.

பெரிய சென்சாருக்கு ஒரு விலையும் உண்டு. கூர்மையாக விழும் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரியும் தொலைவு, குறைந்துவிடுவதால், ஒரு தாளை அருகிலிருந்து எடுத்தால் நடுவில் உள்ள எழுத்துகள் தெளிவாகவும் ஓரத்து எழுத்துகள் மங்கலாகவும் வரக்கூடும். 2024இல் வந்த ஷாவ்மி 14 அல்ட்ராவில் லென்ஸ் துளையை எஃப் 1.63 முதல் எஃப் 4 வரை (எண் பெரிதானால் துளை சிறுத்து, கூர்மையாக விழும் ஆழம் கூடும்) மாற்றிக்கொள்ளும்படி அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆவணங்களையும் சிறு பொருள்களையும் அடிக்கடி படமெடுப்பவர், வாங்கும் முன் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: விமரிசனங்களில் எல்லாக் கைபேசிகளின் படங்களும் அழகாகவே தெரிகின்றன. கைபேசியை அரைமணி நேரம் கையில் கொடுத்தால், அதன் கேமராவை நானே எப்படி எடைபோடுவது?

பதில்: அந்த விமரிசனப் படங்களில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சத்தில், நின்று நிதானமாக எடுக்கப்பட்டவை. அந்தச் சூழலில் இன்று எந்தக் கைபேசியும் மோசமான படம் எடுப்பதில்லை. ஒரு கேமராவின் தரம் அதன் சிறந்த படத்தில் தெரிவதில்லை. அவசரமாகவும் மங்கலான இடத்திலும் எடுத்த பத்துப் படங்களில் எத்தனை தேறும் என்பதில்தான் தெரியும். ஆகவே வெளியே வானத்தையும் பூக்களையும் எடுத்துப் பார்ப்பதில் அந்த அரைமணியைச் செலவழிக்காதீர்கள்.

ஒற்றை விளக்கு எரியும் அறைக்குள் செல்லுங்கள். உடன் வந்தவரைக் கையசைத்துக்கொண்டே நடக்கச் சொல்லி, அடுத்தடுத்துப் பத்துப் படங்கள் எடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் விவரப் பகுதியையும் திறந்து, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று பாருங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசையும் கை, 1/15 நொடிக்குள் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/125 நொடியில் எட்டு மில்லிமீட்டர்தான் நகரும். சில கைபேசிகள் அறையைப் பளிச்சென்று காட்டுவதற்காக ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கின்றன. சுவரும் நாற்காலியும் அழகாகவும், மனிதர் மட்டும் இழுபட்டும் விழுவார். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும்; எதிரில் இருப்பவர் அசைவதை அதனால் நிறுத்த முடியாது. குழந்தைகளைப் படமெடுக்கவே கைபேசி வாங்குபவர் இந்த ஒரு சோதனையை வைத்தே முடிவெடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்து ஜூம். இங்கே பலரும் கவனிக்காத ஒரு தந்திரம் நடக்கிறது. திரையில் 3 மடங்கு அல்லது 5 மடங்கு என்ற பொத்தானை அழுத்தியபின், பின்புறமுள்ள தொலைநோக்கு லென்ஸை ஒரு விரலால் மூடிப் பாருங்கள். திரை இருண்டால் அந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று பொருள். காட்சி சிறிதும் மாறாமல் அப்படியே நின்றால், கைபேசி முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வெளிச்சம் குறைந்தாலோ, பொருள் மிக அருகில் இருந்தாலோ பல கைபேசிகள் ஓசையின்றி இவ்வாறு மாறிக்கொள்கின்றன. 3 மடங்கு வெட்டினால் பிக்சல்களில் ஒன்பதில் ஒரு பங்குதான் எஞ்சும். இதே சோதனையை வெளியிலும், விளக்கொளியிலும், ஒரு மீட்டர் தொலைவிலும் செய்து பாருங்கள்; நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் லென்ஸ் எந்தெந்த நேரத்தில் விடுப்பில் போகிறது என்பது தெரிந்துவிடும்.

லென்ஸ் மாறும்போது நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். ஒரே முகம் ஒரு லென்ஸில் மஞ்சளாகவும் மற்றொன்றில் நீலச் சாயலாகவும் வந்தால் பின்னர் எரிச்சல்படுவீர்கள். முகத்தின் நிறத்தை, எதிரில் நிற்பவரை நேரில் பார்த்தபடியே திரையோடு ஒப்பிடுங்கள். ஜன்னலுக்கு முன்னால் அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்து, வெளிக்காட்சியும் முகமும் ஒருசேரத் தெரிகின்றனவா, முகத்தில் செயற்கையான வெளிச்சம் பூசியது போல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையில் தலைமுடியின் ஓரத்தையும் மூக்குக்கண்ணாடியின் சட்டத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். கணினிக் கத்திரி எங்கே தவறியது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

இவ்வளவையும் கைபேசியின் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் திரைகள் மிகப் பிரகாசமானவை. சுமாரான படத்தையும் அழகாகக் காட்டும். படங்களைக் கணினிக்கு மாற்றி, முழு அளவில் பார்த்த பிறகே தீர்ப்பளியுங்கள். சோதனைக்கு முன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள், கடையில் வைத்திருக்கும் கைபேசியின் லென்ஸில் எத்தனை பேரின் விரல் பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: என் புதிய கைபேசியின் படங்கள் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. புகைப்படக் கலைஞரான என் மாமா மட்டும் ‘இது படமல்ல, கணினி வரைந்த ஓவியம்’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கைபேசியின் சிறிய லென்ஸும் சென்சாரும் தாமாகத் தரக்கூடிய படம் மிகச் சுமாரானது. ஷட்டரை நீங்கள் ஒருமுறை தொட்டால், கைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி கண்டு, இரைச்சலை (மங்கிய ஒளியில் படத்தில் தெறிக்கும் புள்ளிகளை) குறைத்துத் தருகிறது. 2016இல் வந்த கூகுள் பிக்சல் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது; 2018இல் அதன் இரவுக்காட்சி வசதி, முக்காலி இல்லாமலே இருட்டில் படமெடுக்கலாம் என்று காட்டியது. எடுத்த ஒளித் தகவலைக் கூட்டிச் சேர்ப்பதில் பொய் ஏதும் இல்லை. பிடிபடாத விவரத்தை ஊகித்து வரைந்து நிரப்பும்போதுதான் மாமாவின் கண்டனம் பொருந்துகிறது.

இரண்டையும் பிரித்தறிய, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை உச்ச ஜூமில் எடுங்கள். படிக்க முடியாத எழுத்து மங்கலாக வந்தால் அந்தக் கேமரா நேர்மையாக நடந்துகொள்கிறது. விளிம்புகள் கத்திபோல் கூராக இருந்தும், எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளாகத் தெரிந்தால் அது ஊகம். புல்தரையையும் இலைக்கூட்டத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். தனித்தனி இதழாகத் தெரிய வேண்டிய இடம் பச்சை மெழுகாக இழைந்திருந்தால் இரைச்சலோடு விவரத்தையும் துடைத்துவிட்டார்கள். கட்டடத்தின் விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடினால், அது அளவுமீறிய கூர்மையாக்கம்.

குடும்பத்தாரிடம் பகிர்வதற்கு எடுக்கும் படங்களில் இவற்றால் பெரிய இழப்பு இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் அது போதுமான காரணம்தான். அச்சுக்கோ, சான்றுக்கோ, ஆவணத்துக்கோ எடுப்பவர் மட்டும் மாமாவின் பக்கம் நிற்பது நல்லது.

கேள்வி: ‘ரா’ வகைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியமா?

பதில்: சென்சார் பதிந்த தகவலைக் கைபேசி திருத்தாமல் ஏறத்தாழ அப்படியே வைக்கும் கோப்புதான் ‘ரா’. படங்களைக் கணினியில் தாமே திருத்தும் பழக்கம் உள்ளவருக்கு அவசியம், மற்றவருக்கு நினைவகத்தை நிரப்பும் சுமை. அவ்வசதி எல்லா லென்ஸ்களுக்கும் உண்டா, முதன்மை லென்ஸுக்கு மட்டும்தானா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பின்புறம் நான்கு கேமராக்கள் உள்ள கைபேசியைவிட இரண்டு மட்டும் உள்ளது மட்டமா?

பதில்: நான்கில் இரண்டு, எண்ணிக்கைக்காக ஒட்டப்பட்ட 2 மெகாபிக்சல் கேமராக்களாக இருந்தால், அந்தக் கைபேசியையும் இரண்டு கேமராக் கைபேசியாகவே கணக்கில் கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு லென்ஸ் இருப்பின் அது தொலைநோக்கு லென்ஸாக இருப்பதையே நான் விரும்புவேன். முதன்மை லென்ஸ்களின் பார்வைக்கோணம் பெரும்பாலும் முழுச் சட்டகக் கேமராவின் 24 மி.மீ. லென்ஸுக்கு நிகரானது, அதாவது அகன்றது; முகத்தைச் சட்டகம் நிறைய எடுக்க வேண்டுமானால் கைபேசியை முகத்தருகே கொண்டுபோக வேண்டியிருக்கும், அப்போது மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். 70 மி.மீ.க்கு நிகரான லென்ஸ் இருந்தால் சற்றுத் தள்ளி நின்று எடுக்கலாம். முகமும் உள்ளபடி அமையும்.