பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள்

கேள்வி: அக்கா, என் மாமியார் பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். சபையில் ஞாயிறு பள்ளியும் என் பொறுப்பு. மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வருகிறது, எண்பது பிள்ளைகள் வருவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து பாட்டு நோட்டு எழுதுகிறேன். போன வாரம் காரணமே இல்லாமல் மகளை அடித்துவிட்டேன். யாரிடமாவது உதவி கேட்கலாம் என்றால், ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்று வேதத்தில் கலாத்தியர் 6:5-ல் இருக்கிறதே? அதோடு, மற்றவர்கள் செய்தால் சரியாக வருவதும் இல்லை.
வாசகி, காசிமேடு

பதில்: தங்கச்சி, அதே அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்’ என்று அந்த நிருபத்தை எழுதிய அதே பவுல்தான் எழுதியிருக்கிறார். எனக்கும் இது ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது. எங்கள் சபை ஆயர் ஒருமுறை வேதபாடத்தில் விளக்கினார். தமிழில் இரண்டு இடத்திலும் ‘பாரம்’ என்றே இருந்தாலும் கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள். 2-ம் வசனத்தில் இருப்பது ‘பாரோஸ்’, ஆளை அழுத்திவிடுகிற கனம். 5-ம் வசனத்தில் இருப்பது ‘ஃபோர்தியோன்’, அவரவர் தூக்கிக்கொண்டு நடக்கிற மூட்டை. ‘என் சுமை இலகுவாயும் இருக்கிறது’ என்று இயேசு சொன்ன இடத்தில் இருப்பதும் இந்த ஃபோர்தியோன்தான். உங்கள் ஜெபமும் உங்கள் மனசாட்சியும் உங்கள் மூட்டை. படுத்த படுக்கையாக இருப்பவரை வருடக்கணக்கில் ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்க வைப்பது மூட்டை இல்லை, அது கனம்.

மகளை அடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் சீக்கிரம் நகர முடியவில்லை. யாத்திராகமம் 18-ல் மோசேயைப் பார்க்க மாமனார் எத்திரோ வருகிறார். காலை முதல் சாயங்காலம் வரை மருமகன் ஒருவரே உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார், ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். ‘நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்’ என்கிறார் எத்திரோ. மோசே மட்டும் இல்லை, ஜனங்களும்! எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தால் நம் உடம்புதான் போகும் என்று நினைக்கிறோம். உங்கள் வீட்டில் தொய்ந்துபோய் நிற்பது அந்தப் பிள்ளையும்தான். இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அதை மட்டும் நீங்களேதான் செய்ய வேண்டும்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வலை சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று அவருக்கும் வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் ராத்திரி வீட்டில் இருப்பார். படுத்திருப்பது அவரைப் பெற்ற அம்மா.

நான் 34 வருடம் நர்ஸாக இருந்தவள். டியூட்டி மாறும்போது ‘பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. கட்டில் கட்டிலாகக் கூடவே நடந்து, என்ன கொடுத்தோம், அடுத்து என்ன என்று சொல்லி, நோட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எத்திரோவும் ‘முதலில் கற்றுக்கொடும்’ என்கிறார், அடுத்த வசனத்தில்தான் ‘ஆட்களைத் தெரிந்தெடும்’ என்கிறார். அதனால் முதல் நாள் உங்கள் வீட்டுக்காரர் பார்க்கட்டும். இரண்டாம் நாள் உங்களோடு சேர்ந்து செய்யட்டும். மூன்றாம் நாள் நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை, விரிப்பில் சுருக்கமோ ஈரமோ கூடாது. குதிகாலிலும் முதுகுக்குக் கீழே இடுப்பெலும்பிலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு ஆண் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், நான் எத்தனையோ மகன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய திட்டம், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

‘மற்றவர்கள் செய்தால் சரியாக வராது’ என்கிறீர்கள். இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் சபை வி.பி.எஸ்.ஸை நான் நடத்திய காலத்தில், நிறைவு நாள் நாடகத்தை ஒரு காலேஜ் பெண்ணிடம் கொடுத்தேன். நல்ல சமாரியன் கதை. எரிகோ போகும் பாதையைச் சார்ட்டில் வரைந்து மேடை முழுக்க ஒட்டியிருந்தாள். எனக்குத் திருப்தியாக இல்லை. இரவோடு இரவாக அதைப் பிரித்துவிட்டு நான் வேறு வரைந்து ஒட்டினேன். மறுநாள் காலையில் அவள் வந்து மேடையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் கூப்பிட்டபோது வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. என் சார்ட் அழகாக இருந்ததாக அன்று எல்லோரும் சொன்னார்கள். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பாட்டை ஒருவரிடமும் கைவேலையை இன்னொருவரிடமும் கொடுங்கள். பாட்டு கொஞ்சம் சுதி விலகிப் போனாலும் போகட்டும்.

கேட்க வெட்கமாக இருந்தால் லூக்கா 5-ஐ எடுத்து வாசியுங்கள், உங்கள் தெருவில் நடந்ததுபோலவே இருக்கும். வலை கிழிகிற அளவு மீன். சீமோன் பேதுரு ‘இது ஆண்டவர் எனக்குக் கொடுத்தது, நானே இழுக்கிறேன்’ என்று நிற்கவில்லை. மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டினார்கள், அவர்களும் வந்தார்கள், இரண்டு படகும் நிறைந்தது.

கேள்வி: எங்கள் சபையில் ஒரு குடும்பம் நோயாளியை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறது. அவர்கள் கேட்காமல் நாமாகப் போவது சரியா?
வாசகர், வியாசர்பாடி

பதில்: போங்கள். ஆனால் ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் அவர் கேட்கும் வரை காத்திருந்ததாக வேதத்தில் இல்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் கையைத் தாங்கினார்கள். அதுபோல, ‘செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்’ என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். போகும்போது பழம் வாங்க வேண்டாம். துவைத்து மடித்த பழைய பருத்தி வேட்டி நாலைந்து எடுத்துப்போங்கள். அந்த மாதிரி வீட்டில் அதற்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.