தமிழ்நாடு அரசுப் பணியில் என்னென்ன விடுப்புகள் உண்டு? சொல்லாமல் வராமல் இருந்தால் என்ன ஆகும்?

கேட்டவர் குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அக்கா திருமணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஊரில் இருக்க வேண்டுமாம். 'சி.எல். (தற்செயல் விடுப்பு) போடாதே, ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) போடு' என்கிறார் ஒருவர், 'போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் இன்னொருவர். இதில் இரண்டாமவரின் யோசனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் நிர்வாகப் பிரிவில் பணிப்பதிவேடு எழுதுபவன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் 'மொத்தம் எத்தனை நாள்?' என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எடுக்கும் நாள் பணிக்காலமாகக் கணக்கிடப்படுமா, கணக்கில் சேர்ந்து பிறகு பணமாகுமா?

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். விதிப்படி பார்த்தால் இது விடுப்பே அல்ல, பணியில் இருந்ததாகவே கருதப்படும். அரை நாளாகவும் எடுக்கலாம். டிசம்பர் 31 அன்று மிச்சம் இருப்பது போய்விடும், அடுத்த ஆண்டுக்கு வராது. (டிசம்பர் கடைசி வாரத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.) இரண்டு கட்டுப்பாடுகளை மறக்க வேண்டாம். இதை ஈட்டிய விடுப்புடன் சேர்த்து எடுக்க முடியாது. முன்னும் பின்னும் இடையிலும் வரும் விடுமுறை நாட்களையும் கூட்டி, தொடர்ச்சியாக 10 நாளைத் தாண்டக் கூடாது. இதைத் தவிர, வரையறுக்கப்பட்ட விடுமுறைப் பட்டியலிலிருந்து ஆண்டுக்கு 3 நாள் எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் வேலைக்கு அழைத்தால் அதற்கு ஈடுசெய் விடுப்பு உண்டு.

ஈட்டிய விடுப்புதான் உண்மையான சொத்து. நிரந்தரப் பணியாளருக்கு ஜனவரி 1 அன்று 15, ஜூலை 1 அன்று 15 என்று கணக்கில் வரவு வைப்போம். அதிகபட்சம் 240 நாள் வரை சேர்க்கலாம். ஓய்வு பெறும்போது மீதமிருக்கும் நாட்களுக்குக் கடைசியாக வாங்கும் சம்பளத்தின் அடிப்படையில் பணம் கிடைக்கும். இன்று ஒரு நாள் ஈ.எல். எடுத்தால் இன்றைய சம்பளத்தில் ஒரு நாள் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் போவது முப்பது ஆண்டு கழித்து வாங்கப்போகும் சம்பளத்தில் ஒரு நாள். ஆண்டுக்கு 15 நாள் ஒப்படைத்துப் பணம் பெறும் 'சரண்டர்' 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் அது மீண்டும் வந்திருக்கிறது. அந்த ஐந்தாண்டு இடைவெளியைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பிரிவில் அன்று வேறு வேலை நடக்காது.

ஈ.எல்.-ல் பலர் தடுக்கி விழும் இடம் சனி, ஞாயிறுதான். ஒரு திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிய விடுப்பு கேட்டால், நடுவில் வரும் சனி, ஞாயிறும் சேர்ந்து 12 நாள் கழியும். தொடக்கத்துக்கு முந்திய சனி, ஞாயிறையும் முடிவுக்குப் பிந்திய சனி, ஞாயிறையும் முன்னிணைப்பு, பின்னிணைப்பாக விண்ணப்பத்திலேயே கேட்டு அனுமதி வாங்கினால் அவை கழியாது. ஒரு வரியை எழுத மறந்து, பதிவேட்டில் சிவப்பு மையில் திருத்தம் போடச் சொல்லி வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மருத்துவச் சான்றின்பேரில் எடுப்பது ஈட்டா விடுப்பு. பணிக்காலம் கூடக் கூட வரம்பும் கூடும், மொத்தப் பணிக்காலத்துக்கும் அதிகபட்சம் 540 நாள். புதியவர்கள் இதில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது உடல்தகுதிச் சான்று இல்லாமல் வந்தால் பணியில் சேர விடமாட்டார்கள். சொந்தக் காரியத்துக்கான ஈட்டா விடுப்பும் இருக்கிறது, பாதிச் சம்பளம் என்பதால் கேட்பவர்கள் குறைவு.

மகப்பேறு விடுப்பு 2011-ல் 90 நாளிலிருந்து 6 மாதமானது, 2016-ல் 9 மாதம், 2021 ஜூலை முதல் 12 மாதம். உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் பெற்று, மறுமணத்துக்குப் பின் மூன்றாவது குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மத்திய அரசில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு என்று படித்துவிட்டு எங்களிடம் வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது மத்திய அரசின் விதி, நமக்குப் பொருந்தாது.

இனி 'போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்றவரின் யோசனை. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அரசுப் பணிக்கான அடிப்படை விதிகளில் 67-வது விதி சொல்கிறது. விண்ணப்பம் கொடுத்ததாலேயே விடுப்பு கிடைத்துவிட்டதாக ஆகாது. அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால் முதலில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். அந்த நாட்களுக்குச் சம்பளம் போகும். அவை ஊதியமில்லா விடுப்பாக முறைப்படுத்தப்பட்டால், மருத்துவச் சான்று இல்லாதவரை ஊதிய உயர்வுக்குக் கணக்கில் வராது, உயர்வுத் தேதியே தள்ளிப்போகும். நீண்ட நாள் என்றால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) (சிறு தண்டனை), 17(ஆ) (பெரிய தண்டனை) குற்றச்சாட்டுகள் வரை போகும், பின்னதில் பணிநீக்கம்கூட வரலாம். கூட்டாக வராமல் இருந்தாலும் நிலைமை மாறாது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒரே அடியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டதையும், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அப்போது உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: புதியவர்கள் முடிக்க வேண்டிய தகுதிகாண் பருவம் (புரொபேஷன்). பொதுவாக, தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணியில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் விதி எழுதப்பட்டிருக்கும். ஈ.எல். எடுத்த நாட்கள் அந்த இரண்டு ஆண்டில் சேராது, முடியும் தேதி அத்தனை நாள் தள்ளிப்போகும். (மகப்பேறு விடுப்பைத் தகுதிகாண் பருவத்தில் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார்கள்.) தற்செயல் விடுப்பில் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே அக்கா திருமணத்துக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் சி.எல். கேளுங்கள். இரு பக்கத்துச் சனி, ஞாயிறுடன் ஒன்பது நாள் கிடைக்கும். அடுத்த திங்களையும் சேர்த்தால் சரியாகப் பத்து, அதற்கு மேல் ஒரு நாளும் முடியாது. ஐந்து நாளா என்று அதிகாரி முகம் சுளிக்கலாம். திருமண அழைப்பிதழை இணைத்து, உங்கள் கோப்புகளை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் எழுதி, இப்போதே கொடுங்கள். அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் பதிவு செய்தாலும் ஒப்புதல் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊருக்கு டிக்கெட் எடுங்கள்.