நீட்டி வரைந்த குதிரை

அன்புள்ள ஐயா,

நான் ஊடகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். என் ஆய்வேட்டின் முதல் பாதி புகைப்படம், இரண்டாம் பாதி அனிமேஷனின் வரலாறு. புகைப்படம் பிறந்தது, அது அசையத் தொடங்கியது, அதிலிருந்து அனிமேஷன் வந்தது என்று ஒரே கோடாக எழுதியிருக்கிறேன். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று 25,000 டாலர் பந்தயம் கட்டிய கதையில் தொடங்குகிறேன். விழித்திரையில் பிம்பம் சற்று நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்பதையும் விளக்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு பாதிகளும் ஒட்டவில்லை என்கிறார் என் வழிகாட்டி. எப்படி ஒட்டவைப்பது? எந்தக் கேமரா வாங்கலாம், செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆய்வேட்டுக்காக எழுதப்படும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. உங்களுடையதையும் பாதி படித்து மூடப்போனேன், அதற்குள் குதிரை வந்துவிட்டது. கொஞ்ச காலமாக எனக்கும் அந்தக் குதிரையோடுதான் பொழுது போகிறது. அதனால் இந்தப் பதில். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். கேமரா: ஷட்டர் வேகத்தை நீங்களே மாற்ற முடிகிற எதுவானாலும் போதும், இரவலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. செயற்கை நுண்ணறிவு: உங்கள் வயதில் ஒரு படிப்பைப் படித்துக்கொண்டு, அதன் எதிர்காலத்தை என்னைப் போன்ற கிழவனிடம் கேட்பதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது.

விழித்திரையில் பிம்பம் தங்கும் கதையை எடுத்துவிடுங்கள். பாடப்புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்து அதை உயிரோடு வைத்திருக்கின்றன. பிம்பம் தங்குவதுதான் காரணம் என்றால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழப்பம்தான் தெரியும், அசைவு தெரியாது. அடுத்தடுத்து காட்டிய இரண்டு கோடுகளுக்கு நடுவில், அங்கே இல்லவே இல்லாத நகர்வை மனம் பார்த்துவிடுகிறது என்று மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் சோதனை செய்து 1912-இல் எழுதிவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நாம் விழித்திரையைவிட்டு நகரவில்லை.

இனி உங்கள் ஒரே கோடு. உங்கள் ஆய்வேட்டில் ஆண்டுகள் எல்லாம் கட்டாயம் இருக்கும். அவற்றை ஒருமுறையாவது அருகருகே வைத்துப் பார்த்தீர்களா? ஜோசப் பிளாத்தோ என்ற பெல்ஜிய இயற்பியலாளர், விளிம்பில் துளைகள் வெட்டிய அட்டை வட்டில் படங்களை வரைந்து, கண்ணாடிமுன் சுழற்றி அசையவைத்தது 1832-இன் கடைசியில். ஏறக்குறைய அதே நேரத்தில் வியன்னாவில் ஸ்டாம்ப்ஃபரும் அதையே செய்தார். துளைகள் வெட்டிய உருளைக்குள் படங்களை வைத்துச் சுழற்றிப் பார்க்கும் ஹார்னரின் கருவி, பின்னாளில் ஸோயிட்ரோப் என்று பெயர் பெற்றது, 1834. பிரான்சில் டாகுவேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்ததோ 1839-இல். ஆக, வரைந்த படம் அசைந்து விளையாடிக்கொண்டிருந்தபோது புகைப்படம் இன்னும் ஊருக்கு அறிமுகமாகவே இல்லை.

பிரெஞ்சுக்காரர் நியெப்ஸ் 1820-களிலேயே ஜன்னல் காட்சியைத் தகட்டில் பதித்துவிட்டாரே என்பீர்கள். பதித்தார். பல மணி நேரம் வெளிச்சம் பட்ட தகடு அது. சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டதால் கட்டடங்களின் இருபுறமும் வெயில் விழுந்திருக்கும். டாகுவேர் 1838-இல் எடுத்த பாரிஸ் தெருப் படத்தைப் பாருங்கள். நடமாட்டம் மிகுந்த தெரு, ஆனால் காலியாகக் கிடக்கிறது. பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்திருக்கிறார். நகர்ந்தவர்கள் எல்லாரும் காணாமல் போய்விட்டார்கள். நகர்வதையெல்லாம் அழித்துவிடும் ஒரு கருவியிலிருந்து அசைவின் கலை பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழிகாட்டி நல்ல மனிதர், ‘ஒட்டவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிளாத்தோவைப் பற்றி ஒன்று. அவர் 1840-களில் பார்வையை முற்றிலும் இழந்தார். சூரியனை உற்றுப் பார்த்த சோதனைதான் காரணம் என்று ஒரு கதை உண்டு, பின்னாளில் அதை ஆராய்ந்த மருத்துவர்கள் கண்நோய் என்கிறார்கள். 1883 வரை வாழ்ந்தார். கண் போனபிறகும் சோப்புப் படலங்களைப் பற்றி ஆய்வு செய்தார், வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் பார்த்துப் பார்த்துச் சொல்ல. உங்கள் தேதிப் பட்டியலில் இவருக்கு ஒரு பத்தி கொடுங்கள்.

சரி, குதிரை. பந்தயத்துக்கு அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை. லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு ரயில்வே முதலாளி, கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், பந்தயக் குதிரை வளர்ப்பவர். அவர் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை வேலைக்கு வைத்துக்கொண்டது ஆர்வத்தினால் என்று சொன்னால் கதை சுவைக்காது என்று யாரோ 25,000 டாலரைச் சேர்த்துவிட்டார்கள். 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் 12 கேமராக்கள் வரிசையாக நின்றன. பாதையின் குறுக்கே நூல்கள். குதிரை ஓட ஓட நூல் இழுபட்டு ஒவ்வொரு ஷட்டராக விழுந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புவது பதிந்தது. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் இல்லை, வயிற்றுக்குக் கீழே நான்கையும் மடக்கிச் சேர்த்த நிலையில்.

எல்லோரும் இங்கே கதையை முடித்துவிட்டுச் சினிமாவுக்குத் தாவிவிடுவார்கள். நீங்களும் தாவியிருப்பீர்கள். எனக்குக் கதை தொடங்குவதே இங்கேதான்.

மைபிரிட்ஜ் அடுத்த ஆண்டே ஒரு கருவி செய்தார், ஸூப்ராக்ஸிஸ்கோப். சுழலும் கண்ணாடி வட்டில் இருக்கும் படங்களைத் திரையில் போட்டுக்காட்டும். அந்த வட்டில் இருந்தவை அவருடைய புகைப்படங்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவற்றைப் பார்த்து வரைந்த படங்கள். அதுவும் அப்படியே வரைந்தவை அல்ல, குதிரையை நீளவாக்கில் இழுத்து நீட்டி வரைந்தவை. காரணம் அந்தக் கருவியிலேயே இருந்தது. படங்கள் இருக்கும் வட்டு ஒரு பக்கம் சுழல, துளைகள் வெட்டிய தகடு எதிர்ப்பக்கம் சுழலும். துளை படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் படமும் அதற்கு எதிரே வந்துவிடுகிறது. ஆகவே அகலம் சுருங்கித் தெரியும். சரியான அளவில் வரைந்த குதிரை திரையில் ஒடுங்கிப்போன குதிரையாக ஓடும். தவறான அளவில் நீட்டி வரைந்தால்தான் அது குதிரையாகத் தெரியும்.

கேமரா கொண்டுவந்த உண்மையை ஒரு தூரிகை எடுத்து, தெரிந்தே கோணலாக்கி, அதன்பிறகே அது உண்மைபோல ஓடியது. உங்கள் இரண்டு பாதிகளும் ஒட்டுமிடம் இந்த நீட்டல்தான். இதை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுகிறீர்கள்?

இன்னும் இருக்கிறது. அந்த வட்டுகளில் ஒரே ஒன்றில் மட்டும் நேரடியாகப் புகைப்படங்கள் உண்டு. அதில் ஓடுவது உயிருள்ள குதிரை இல்லை, குதிரையின் எலும்புக்கூடு. அதை ஒவ்வொரு நிலையிலும் கையால் நிறுத்திவைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். இன்று அதற்கு நாம் ஸ்டாப் மோஷன் என்று பெயர் வைத்திருக்கிறோம். புகைப்படம் கையை ஒதுக்கிவைத்து இந்தக் கருவிக்குள் வந்த ஒரே வட்டிலும் கை உள்ளே நுழைந்துவிட்டது! இதை முதலில் படித்த அன்று நான் எழுந்து அறைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார், அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்றில் இன்பிட்வீனர். தலைமை அனிமேட்டர் முக்கியமான நிலைகளை வரைந்து கொடுப்பார், அவற்றுக்கு இடையில் வரவேண்டிய படங்களை இவர் வரைய வேண்டும். படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு. பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை, கேட்டதற்கு இடமில்லை என்றார்களாம். மேசையில் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொண்டு தனக்குத்தானே முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, ஒரு மனிதன் பெட்டியைத் தூக்கும் காட்சியை நேரம் மிச்சம் பிடிப்பதற்காகப் படம்பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக மேலே தாள் வைத்துப் படியெடுக்கச் சொன்னார்கள். படியெடுத்தார். கோடு ஒன்றுகூட இம்மி பிசகவில்லை. ஓட்டிப் பார்த்தால் அந்த ஆள் காலிப் பெட்டியைத் தூக்குகிறான். நிஜத்தில் பெட்டி நிறையப் பழைய தாள்கள்! நண்பர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதுகைக் கொஞ்சம் அதிகமாக வளைத்தார். தோள் மட்டும் ஏறி, கை அசையாமலேயே இருக்கும் படம் ஒன்றை நடுவில் செருகினார். மறுபடி ஓட்டினார். பெட்டிக்குள் கனம் வந்துவிட்டது. ‘அந்த ஆளு தூக்கறப்ப பாக்கறவனுக்கும் இடுப்பு வலிக்கணும்யா’ என்றார். அதிகப் படம் செருகியதற்கு மறுநாள் திட்டு வாங்கினார் என்பது தனிக்கதை.

படியெடுக்கும் அந்த முறைக்குப் பெயர் ரோட்டோஸ்கோப். மாக்ஸ் ஃபிளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்றது. தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி ஆடவைத்து, அதைப் படமெடுத்து வரைந்தார். டிஸ்னியின் ஸ்னோ ஒயிட்டுக்கும் (1937) ஒரு நடனப் பெண்ணை ஆடவைத்துப் படமெடுத்தார்கள். அதை அப்படியே படியெடுத்தால் விறைத்துப்போகிறது என்று வரைபவர்கள் கண்டுகொண்டார்கள். வேறு வழியில்லாமல் மறுபடியும் நீட்டினார்கள், குறுக்கினார்கள்.

நீங்கள் புகைப்படம் படித்தவர், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்தால் ஓடுபவர் உறைந்து நிற்பார். சினிமாக் கேமரா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது ஷட்டர் வழக்கமாக நாற்பத்தெட்டில் ஒரு நொடி திறந்திருக்கிறது, வேகமான கை அதில் ஒரு கலங்கலாகத்தான் பதியும். தனி ஃபிரேமாகப் பார்த்தால் கெட்டுப்போன படம். ஓட்டினால் அதுதான் வழவழப்பு. பொம்மையை வைத்து ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கும்போது பொம்மை ஒவ்வொரு முறையும் அசையாமல் நிற்கிறது, கலங்கல் இல்லை, ஆகவே வெட்டி வெட்டி நகர்கிறது. 1981-இல் ஒரு ஹாலிவுட் படத்தின் டிராகனுக்காக, ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மையைக் கணினி நகர்த்தும்படி செய்தார்கள், வேண்டுமென்றே கலங்கவைக்க. வரைபவர்களுக்குக் கணினி தேவைப்படவில்லை. கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் 1942-லேயே, ஓர் உருவம் இங்கிருந்து அங்கே பாயும்போது நடுவில் ஒரே ஒரு படத்தில் அதை மிட்டாய்போல நெடுக இழுத்து வரையும் முறையைக் கார்ட்டூன் முழுக்கப் பயன்படுத்திவிட்டார். தனியாக நிறுத்திப் பார்த்தால் பயமாக இருக்கும், ஓடும்போது கண் பார்ப்பதேயில்லை.

உங்கள் முதல் பாதியில் ‘கலங்கலைத் தவிர்ப்பது எப்படி’ என்று ஒரு பகுதி இருந்தே தீரும், எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டு இதை எழுதுங்கள்.

எமில் ரேனோவை மறக்க வேண்டாம். 1892 அக்டோபரில் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு திரையில் அனிமேஷன் காட்டியவர் அவர், புகைப்படச் சினிமாவைத் திரையில் காட்டிய லூமியேர் சகோதரர்களுக்கு மூன்று வருடம் முன்பே. அவருடைய ஒரு படத்தில் கையால் தீட்டிய ஓவியங்கள் 500. புகைப்படச் சினிமா வந்து அவரை ஓரங்கட்டியது, கடைசிக் காலத்தில் தன் படச்சுருள்களில் பெரும்பகுதியை சேன் நதியில் எறிந்தார். உங்கள் ஒரே கோட்டில் இவரை எங்கே வைப்பீர்கள்?

ஒரு வேலை சொல்கிறேன், இதைச் செய்யாமல் அடுத்த கடிதம் எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கையால் செய்து பார்த்தது என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் படித்ததும் பார்த்ததும். 1878 அக்டோபரில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் மைபிரிட்ஜின் குதிரைப் படங்களை வரைபடமாக அச்சிட்டு, வாசகர்கள் அவற்றை வெட்டி ஒட்டி ஸோயிட்ரோப்பில் ஓட்டிப் பார்க்கலாம் என்றது. அந்த வாசகர்களைவிட நீங்கள் பின்தங்கியிருக்க வேண்டாம். கறுப்பு அட்டையில் ஓர் உருளை, மேல்பாதியில் 12 குறுகலான துளைகள், உள்ளே ஒரு தாள் பட்டையில் 12 குதிரை. முதலில் புகைப்படத்தின் அளவிலேயே வரையுங்கள். சுழற்றினால் குதிரை ஒல்லியாகத் தெரியும், ஏனென்றால் நீங்கள் பார்க்கும் துளை ஒரு திசையில் போகிறது, எதிர்ச்சுவரில் இருக்கும் படம் மறுதிசையில் வருகிறது. கண்ணை உருளையை ஒட்டி வைத்து ஒருமுறை பாருங்கள், அப்புறம் கை நீட்டும் தூரம் தள்ளி நின்று பாருங்கள். தள்ளிப்போகப் போக இன்னும் ஒடுங்கும், கிட்டத்தட்டப் பாதி அகலம் வரைக்கும். ஆகவே எந்தத் தூரத்தில் நின்று பார்ப்பவருக்காக நீட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கேற்ற அளவில் இரண்டாவது பட்டையை வரையுங்கள். இரண்டு பட்டைகளையும் உருளையையும் ஆய்வேட்டோடு சேர்த்தே ஒப்படையுங்கள். பக்க எண்ணிக்கை குறைகிறது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.